முகப்புப் பக்கத்து வசனம்

தூத்துக்குடி புறவழிச்சாலை ஓரத்தில், உப்பளம் தொடங்குகிற இடத்தில், ஒரு எடை மேடை இருக்கிறது. லாரி ஏறி நிற்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் பொத்தானை அழுத்துவார். சீட்டு வரும், லாரி இறங்கிப் போகும். பொத்தானை அழுத்துகிறவர் பெயர் வில்பிரட். புன்னைக்காயல்காரர், கத்தோலிக்கர், நாற்பதைத் தாண்டியவர். இதே லாரிகள் துறைமுகத்தை அடுத்த கன்டெய்னர் கிடங்குகளுக்குள் நுழைய டோக்கன் வேண்டும். அந்த டோக்கனைத் தருகிற சர்வர்களை முன்பு பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

அந்த வேலையை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இளவயதில் சங்கு குளிக்கிற படகில் கயிறு பிடித்தார். மேலே இருப்பவன் கயிற்றை ஒருமுறை சுண்டுவான். அடியில் இருப்பவன் திருப்பிச் சுண்டினால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். சுண்டாவிட்டால் யோசிக்காமல் தூக்கிவிட வேண்டும். பிறகு ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தார். கெட்டுப்போன கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பார்த்தும், கிடைத்ததையெல்லாம் படித்தும், தப்புப் பண்ணித் திருத்தியும் சர்வர் வரைக்கும் வந்து சேர்ந்தார். லோட் பேலன்சரைப் புரிந்துகொள்ள அவருக்குப் பழைய கயிறே போதுமாக இருந்தது. டோக்கனுக்கு மூன்று சர்வர்கள். அவற்றுக்கு முன்னால் நிற்கும் லோட் பேலன்சர் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரிடமும் ஒரு பக்கத்தைக் கேட்கும். நேரத்துக்குள் பக்கம் வந்தால் அந்த சர்வர் பச்சை. வராவிட்டால் சிவப்பு. சிவப்பு சர்வருக்கு யாரையும் அனுப்பாது. மூன்றும் சிவப்பானால் யாருக்கும் டோக்கன் இல்லை.

நிறுவனம் ஞானையாவுடையது. நாசரேத்துக்காரர், புராட்டஸ்டன்ட், சபையில் எடுபடுகிற ஆள். ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. டோக்கன் தளத்தின் முகப்புப் பக்கத்தில் தினமும் பைபிளிலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம் வர வேண்டும். பிரசங்கம் செய்கிற ஓர் ஊழியக்காரர் நடத்துகிற இணையதளத்திலிருந்து அதை எடுத்துப் போடும்படி செய்தார்கள். யார் முகப்பைத் திறந்தாலும் சர்வர் அந்தத் தளத்துக்குப் போய் வசனத்தை வாங்கிவந்த பிறகே பக்கத்தைக் காட்டும். லாரி டிரைவர்களுக்கு இதனால் ஒன்றுமில்லை. அவர்களுடைய ஆப் நேராக டோக்கன் பக்கத்துக்குப் போய்விடும். ஆனால் லோட் பேலன்சர் கேட்டுக்கொண்டிருந்தது முகப்புப் பக்கத்தை. ஆரம்பத்தில் யாரோ அப்படி வைத்தது. அதில் ஒரு ஆபத்து இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. வில்பிரட்டுக்கும் தோன்றவில்லை.

வருஷம் பிறந்த காலையில் அது வெளியே வந்தது. துறைமுகத்துக்குப் புத்தாண்டு விடுமுறை கிடையாது. அலுவலகத்தில் வில்பிரட்டும், அவருக்கு உதவியாக இருந்த சாத்தான்குளத்து ஜெனிலாவும் மட்டும் இருந்தார்கள்.

"மூணும் சிவப்பா நிக்கி அண்ணே," என்றாள் ஜெனிலா.

வில்பிரட் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சர்வர்களில் சுமை இல்லை. போர்ட் திறந்திருந்தது. ஃபயர்வாலை யாரும் தொடவில்லை. டோக்கன் பக்கத்தை சர்வரிடம் நேரடியாகக் கேட்டார், உடனே வந்தது. முகப்பைக் கேட்டார். வரவில்லை. லோட் பேலன்சரின் பொறுமை தீர்ந்து வெகுநேரம் கழித்து, உச்சியில் வசனத்தோடு ஆடி அசைந்து வந்தது.

"இன்னைக்கு ஊரு பூரா வருஷத்து வசனம் பாக்க அந்தத் தளத்தத் தொறந்துருப்பாங்க. துபாய்ல இருக்கவன்கூட. அது மூச்சு வாங்குது. அதுக்காக நம்ம சர்வரு காத்துக்கெடக்கு," என்றார் வில்பிரட். "கீழ ஆளு நல்லாத்தான் இருக்கான். நாம சுண்டுத கயிறு பாறையில மாட்டிக்கிட்டு."

ஒரு சர்வரில் மட்டும் வசனம் எடுக்கிற வரியை நிறுத்திப் பார்த்தார். அது பச்சையானது. ஜெனிலா கைதட்டினாள். மற்ற இரண்டிலும் நிறுத்தினார். டோக்கன் ஓடத் தொடங்கியது. அடுத்து, லோட் பேலன்சருக்கென்று தனியாக ஒரு சின்னப் பக்கம் செய்துவிட்டு வசனத்தைத் திருப்பி வைப்பதாக இருந்தார். அதற்குள் ஞானையா ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து நேராக வந்துவிட்டார். கையில் போன், போனில் முகப்புப் பக்கம்.

"ஏலே, வசனம் எங்க?"

"அதுதான் அண்ணாச்சி அடைச்சிக்கிட்டு இருந்துச்சு. அந்தத் தளம் இன்னைக்கு…"

"எது? வசனமா அடைச்சிக்கிட்டு இருந்துச்சு?" ஞானையா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் சத்தம் போடவில்லை. "வருஷத்து முத நாளு. டோக்கன் வரலன்னு எனக்குக் காலையிலேருந்து போனு. ஏன் வரலன்னு இப்பல்லா தெரியுது. வசனத்தப் புடுங்கிப் போட்டிருக்கான். சுரூபத்துக்கு மாலை போடுதவனுக்கு வசனத்தோட அருமை என்ன தெரியும்?"

"நின்ன பொறவுதான் எடுத்தேன் அண்ணாச்சி. எடுத்ததும் ஓடிட்டு. ஜெனிலாவும் பாத்தா."

"நீ பாத்தியாளா?"

ஜெனிலா விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒன்னும் தெரியாது அண்ணாச்சி. அண்ணன்தான் பாத்தாங்க."

"திருப்பி வையி," என்றார் ஞானையா.

வில்பிரட் மூன்றிலும் வசனத்தைத் திருப்பி வைத்தார். அதற்குள் மதியம் ஆகிவிட்டது. ஊரெல்லாம் வசனத்தைப் பார்த்து முடித்துப் பிரியாணிக்கு உட்கார்ந்திருந்தது. ஊழியக்காரரின் தளம் மூச்சுவிட்டது. மூன்று சர்வர்களும் பச்சையாக நின்றன.

"பாத்தியாலே? வச்சதும் ஓடுது," என்றார் ஞானையா. "சாவிய மேசையில வச்சிட்டுப் போ. சாப்பிட்டுட்டுப் போ வேணும்னா. கேக்கு இருக்கு."

அடுத்த ஞாயிறு அவர் சபையில் எழுந்து சாட்சி சொன்னார். வசனத்தை எடுத்த கையோடு வேலை நின்றதையும், திரும்ப வைத்ததும் நடந்ததையும் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தூத்துக்குடியில் சர்வர் வைத்திருக்கிற இடங்கள் அதிகம் இல்லை. எல்லோருடைய சரக்கும் ஞானையாவின் டோக்கனில்தான் உள்ளே போகிறது. வில்பிரட்டை எந்த நிறுவனமும் எடுக்கவில்லை. மைத்துனர் சொல்லி எடை மேடை கிடைத்தது. அங்கே தெரிந்துகொள்ள ஒரு பொத்தான்தான் இருந்தது.

அந்த வருஷம் முடிகிற சமயத்தில் காயல்பட்டினத்து வாவு கூப்பிட்டார். கப்பல் ஏஜென்சி வைத்திருப்பவர். அவருக்கு சர்வர் பார்க்க ஆள் வேண்டும், வில்பிரட்டின் வேலையும் தெரியும்.

"எனக்கு ஆட்சேபனை இல்ல. ஆனா ஞானையாவைப் பகைச்சிக்கிட்டு நம்ம தொழில் ஓடாது. உங்க மேல தப்பு இல்லைன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டா நாளைக்கே வாங்க," என்றார் வாவு.

ஞானையா அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். அவர் சொல்ல வேண்டுமானால் போன புத்தாண்டில் உண்மையாக நடந்தது என்னவென்று அவருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள், ஜெனிலா. வில்பிரட் இரண்டு முறை அவளுக்குப் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை.

மறுபடியும் வருஷம் பிறந்தது. காலையிலேயே எடை மேடைக்குப் பக்கத்தில் லாரிகள் ஓரங்கட்டி நிற்கத் தொடங்கின. விளாத்திகுளத்து வெள்ளத்துரை தன் லாரியிலிருந்து இறங்கி வந்து தண்ணீர் கேட்டார்.

"எடை போட்டு என்ன அண்ணாச்சி செய்ய? டோக்கன் வர மாட்டுக்கு. உள்ள பூரா மீனு. ஐசு உருகுனா நாந்தான் பதில் சொல்லணும்."

"மத்தியானம் தானா வந்துரும்," என்றார் வில்பிரட்.

"நீரு என்ன, ஜோசியரா?"

வில்பிரட் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அப்போது போன் அடித்தது. ஜெனிலா. அடித்து ஓயும் வரை விட்டார். மறுபடியும் அடித்ததும் எடுத்தார்.

"அண்ணே, மூணும் சிவப்பா நிக்கி."

"போர்ட் தொறந்திருக்கா பாரு."

பார்த்தாள். திறந்திருந்தது.

"ஃபயர்வாலப் பாரு." பார்த்தாள். "சர்டிபிகேட்டு தேதி பாரு." அதையும் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்துக் காத்திருந்தார். கடைசியில் அவள் அழுதுவிட்டாள்.

"வசனம்தான்னு தெரியுதுண்ணே. ஆனா எடுத்தா என்னையும் அனுப்பிருவாங்க. எங்க வீட்டுல என் சம்பளம்தான். எடுக்காமலே எப்படிச் சரி பண்ண? அதச் சொல்லுங்க."

"உனக்குத்தான் ஒன்னும் தெரியாதே."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் போனில் கேட்டது.

"சொல்லுதேன்," என்றார் வில்பிரட். "ஆனா அண்ணாச்சி வந்ததும் போன வருஷமும் இதுதான் நடந்துச்சு, வில்பிரட் மேல தப்பில்லன்னு நீ சொல்லணும். வாவு ஆபீஸ் வேலை அதுலதான் நிக்கி."

"சத்தியமாச் சொல்லுதேன்."

அவர் சொன்னார். சர்வரில் புதிதாக ஒரு பக்கம் செய்ய வேண்டும். அது டேட்டாபேஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'இருக்கிறேன்' என்று மட்டும் பதில் தரும். வெளியே எந்தத் தளத்தையும் கேட்காது. பிறகு லோட் பேலன்சரில் முகப்புப் பக்கத்துக்குப் பதிலாக இந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுக்க வேண்டும். வசனம் முகப்பிலேயே இருக்கும். ஒவ்வொரு வரியையும் அவர் சொல்ல, அவள் தட்டினாள். ஓரிடத்தில் தப்பாகத் தட்டினாள். அதையும் பிடித்துத் திருத்தினார்.

"பச்சை," என்றாள் ஜெனிலா. "அண்ணே, மூணும் பச்சை! இருங்க, அண்ணாச்சி வாராங்க."

போனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. துண்டிக்க மறந்துவிட்டாள்.

"என்னளா, நின்னுபோச்சாமே?" ஞானையாவின் குரல்.

"ஆமா அண்ணாச்சி. இப்ப சரியாயிட்டு."

"என்ன கோளாறு?"

வில்பிரட் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"தெரியல அண்ணாச்சி. ஜெபம் பண்ணிட்டுப் பாத்தேன். ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"ஸ்தோத்திரம். வசனம் இருக்குல்லா?"

"இருக்கு அண்ணாச்சி."

"அந்தப் பய சர்வர்ல ஏதும் வச்சிட்டுப் போயிருப்பான். இன்னும் விடல நம்மள."



"இருக்கும் அண்ணாச்சி," என்றாள் ஜெனிலா.

வில்பிரட் போனைக் கீழே வைத்தார். அவள் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தாள். இனி ஊழியக்காரரின் தளம் நாள் முழுக்க மூச்சு வாங்கினாலும் அந்த சர்வர்கள் சிவப்பாகாது. அடுத்த புத்தாண்டில் ஒன்றும் நிற்காது. அதற்கடுத்த புத்தாண்டிலும் நிற்காது. போன வருஷம் நின்றது எதனால் என்று காட்ட அவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கோளாறுதான். அதை அவரே வரி வரியாகச் சொல்லிச் சரி செய்திருந்தார்.

வெளியே லாரிகள் உறுமத் தொடங்கின. வெள்ளத்துரை மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"டோக்கன் வந்துட்டு ஓய்! இருக்கது ஒரே ஒரு பொத்தான், அத அமுக்க இம்புட்டு நேரமா?"

வில்பிரட் பொத்தானை அழுத்தினார்.