கல்கத்தா லாரியும் கடப்பாரையும்

சூடேறிய டயரின் ரப்பர் வாடையும் டீசல் வாடையும், நடுநடுவே வெங்காய மூட்டையின் காரமும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் புகுந்தால், செக்போஸ்ட்டில் லாரிகள் தேங்கிவிட்டன என்று அர்த்தம். எளாவூரில் எங்கள் வீடு கல்கத்தா போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. ஆந்திராவிலிருந்து வருகிற லாரியும் ஆந்திராவுக்குள் போகிற லாரியும் அங்கே நின்று, கையிலிருக்கும் காகிதத்தைக் காட்டி முத்திரை வாங்கிக்கொண்டுதான் நகர முடியும் என்பதால், சில நாட்களில் வரிசை எங்கள் வாசலையும் தாண்டிப் போகும். ஊரில் எல்லோரும் அதை "பேஜாரு" என்று திட்டுவார்கள். எனக்கும் சரோஜா அக்காவுக்கும் அது கொண்டாட்டமாக இருந்தது.

அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போதெல்லாம் ஒவ்வொரு லாரியின் நெற்றியிலும் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும், பிறகுதான் எண். எந்த மாநிலத்து வண்டி, எந்த ஜில்லாவில் பதிந்தது என்பதை அந்த மூன்று எழுத்தே சொல்லிவிடும். எங்களுக்கு ஜில்லாவைப் பற்றி அக்கறையில்லை. அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற ஓர் ஆங்கில வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டும், இடையில் வேறு எழுத்துகள் எத்தனை வந்தாலும் பாதகமில்லை, லாரி நகர்வதற்குள் சொல்லிவிட வேண்டும். இதுதான் ஆட்டம். ஓ ஆர் எஸ் என்று ஒரு ஒரிசா லாரி வந்தால் 'ஹார்ஸ்'. எம் எஸ் சி என்று ஒரு மதராஸ் லாரி வந்தால் 'மியூசிக்'. பி ஆர் எம் என்று வந்த ஒரு பீகார் லாரிக்கு அக்கா 'புரூம்' என்று சொல்லி, அப்படியென்றால் துடைப்பம் என்று விளக்கியபோது, அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "தொடப்பத்தயா அவ்ளோ தூரத்துலருந்து ஏத்திக்கினு வந்தான்?" என்று கேட்டாள்.

ஆட்டத்தைச் சந்தோஷமாகச் சொல்கிறேனே தவிர, அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்த காரணம் சந்தோஷமானதல்ல. கும்மிடிப்பூண்டி ஹைஸ்கூலுக்கு ரயிலில் போய்ப் படித்துக்கொண்டிருந்தவளை, வயதுக்கு வந்ததும் நைனா நிறுத்திவிட்டார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். "வயசுக்கு வந்த பொண்ணு ரயில்ல தொங்கிக்கினு போவணுமா" என்று ஒரே கேள்வியில் அவர் விஷயத்தை முடித்துவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கு வாசற்படி தாண்டக்கூடாது என்று கட்டளை. உலகம் என்று அவளுக்கு மிஞ்சியது நான்கு மரக்கம்பி போட்ட அந்த ஜன்னல் ஒன்றுதான். எனக்கு அப்போது பத்து வயது. இன்னும் கொஞ்ச நாளில் அவளுக்குப் பக்கத்தில் எனக்கும் உட்கார ஒரு பலகை போடுவார்கள் என்று நன்றாகத் தெரியும். அக்காவுக்கு என்ன நடக்கிறதோ அதுதான் எனக்கும் நடக்கும். ராத்திரியில் கூட எனக்கு அந்தப் பயம் வரும், அக்காவிடம் மட்டும் சொன்னதில்லை.

நைனாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அப்படிப்பட்டவர் இந்த ஆட்டத்தில் எப்படி விழுந்தார் என்றால், ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அக்கா ஏ பி என் என்ற ஓர் ஆந்திரா லாரிக்கு 'ஜப்பான்' என்று சொல்லிவிட்டாள். நைனா பிசைந்த சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார். கயிறு பிடித்து வரிசையாக நாற்று நடும் ஜப்பான் முறையை விவசாய இலாகாக்காரர்கள் சொல்லிக்கொடுக்க, ஊரிலேயே முதலில் நட்டு, பக்கத்துக் கழனிக்காரர்களின் கேலியையும் பிறகு அவர்களின் வயிற்றெரிச்சலையும் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். ஜப்பான் அவருக்குச் சொந்த ஊர் மாதிரி. "அந்த லாரிக்குள்ள ஜப்பான் கீதா?" என்று கேட்டு, அக்காவை மறுபடி எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். அன்றோடு ஆள் மாட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் கழனியிலிருந்து திரும்பும்போது கீரையோ மாங்காயோ கொண்டுவருவது போல எழுத்து கொண்டுவர ஆரம்பித்தார். டீக்கடையில் யாரையாவது விட்டு லாரி எழுத்தைப் படிக்கச் சொல்லி, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "பி யூ என், பி யூ என்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவார். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு எழுத்து தொலைந்துவிடும். திரும்பிப் போய்ப் பார்த்தால் லாரி நெல்லூரைத் தாண்டியிருக்கும். அன்றைக்கு முழுக்க வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவார். மறுநாள் காலை டீக்கடைக்குப் போய் மகள் சொன்ன வார்த்தையை எல்லோர் முன்னாலும் எடுத்து வைப்பார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். மகளின் புத்தியை ஊரெல்லாம் காட்டிப் பெருமை பேசத் தெரிந்த மனுஷருக்கு, மகளை மட்டும் வெளியே விடத் தெரியவில்லை.

பெருமையைத் தொடர்ந்து கேட்க யாருக்குத்தான் பொறுமை இருக்கும். டீக்கடையில் தினமும் உட்காருகிற ரைஸ்மில்காரர் ஒருவர், மதராஸில் காலேஜ் படிக்கும் பிள்ளைக்குத் தகப்பனார், ஒருநாள் சாயங்காலம் சொல்லிவிட்டார். "ஊட்ல ஒக்காந்துக்கினு எதுனா டிக்சனரிய பாத்து சொல்லுதுப்பா உம்பொண்ணு. நீயும் நம்பிக்கினு வந்து எங்க காத அறுக்கற."

நான் அப்போது அம்மாவுக்கு வெல்லம் வாங்கப் பக்கத்து மளிகைக்கடை வாசலில் நின்றிருந்தேன். நைனாவின் காது சிவந்ததைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் டிக்சனரி என்ற பொருளே கிடையாது. அதை எத்தனை தடவை சொன்னாலும் மில்காரர் சிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நைனா தம்ளரை 'டக்' என்று வைத்துவிட்டு எழுந்தார். "இரு. இஸ்துக்கினு வரேன். நீயே எழுத்த சொல்லு, உன் கண்ணு எதிர்லயே அது சொல்லட்டும்."

நானும் அவரோடு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குள் அவர் வந்த வேகத்தைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாள். "சரோஜா, கெளம்பு" என்றார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "ரோட்டுக்கு" என்றார். தான் போட்ட கட்டளையைத் தானே மீறுகிறோம் என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை. அக்கா தாவணியைச் சரிசெய்துகொண்டு, மாதக்கணக்கில் தாண்டாத அந்தப் படியைத் தாண்டினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

டீக்கடை முன்னால் டிரைவர்களும் கிளீனர்களுமாக நல்ல கூட்டம். மில்காரர் விவரமான ஆள். கல்கத்தா லாரி என்றால் தன் மகள் திணறுவாள் என்று நைனாவே என்றைக்கோ உளறியிருந்தார். டபிள்யூவுக்குப் பின்னால் பி வந்தால் எங்கள் இருவருக்கும் அது எமன்தான். மில்காரர் வரிசையில் நிதானமாக நடந்துபோய், சணல் மூட்டை ஏற்றிய ஒரு கல்கத்தா லாரிக்கு முன்னால் நின்று கை நீட்டினார். டபிள்யூ, பி, ஆர்.

அக்கா லாரியைப் பார்த்தாள். முன்னால் இருந்த லாரி கிளம்பியது. கல்கத்தா லாரியின் டிரைவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார். நைனா துண்டால் கழுத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். இன்றைக்குத் தோற்றால் அக்காவுக்கு இனி அந்த ஜன்னலும் மூடிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

"இன்னா கோவிந்தசாமி, டிக்சனரி ஊட்லயே கீதா?" என்று நைனாவைக் கேட்டார் மில்காரர்.

அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள், அதுவும் நைனாவைப் பார்த்து. "வார்த்த எனக்குத் தெரியும் நைனா. சொன்னா, ஜூன்ல நான் பள்ளிக்கூடம் போவேன்."

"மொதல்ல சொல்லும்மா."

"மொதல்ல நீ சொல்லு நைனா."

கூட்டம் நைனாவின் பக்கம் திரும்பியது. லாரி உறுமத் தொடங்கியது. நைனா லாரியைப் பார்த்தார், மில்காரரைப் பார்த்தார், அப்புறம் உலகத்தில் அவரைப் போல அப்பாவி யாருமே இல்லை என்பது போலச் சொன்னார். "போயேன். உன்ன யாரு தடுத்தது?"

"குரோபார்" என்றாள் அக்கா. "சி, ஆர், ஓ, டபிள்யூ, பி, ஏ, ஆர்."

மில்காரர் விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு வார்த்தை உண்டா என்று கேட்டார். ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளம் போடுகிறவர்களின் சாமான் பெட்டி மேல் வெள்ளை பெயிண்டில் எழுதியிருக்கிறது, பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் படித்தேன் என்று அக்கா சொன்னாள். டிரைவர் ஒருவரும் ஆமாம் என்று தலையாட்டினார். "அப்டின்னா இன்னா?" என்று நைனா மெல்லக் கேட்டார்.

"கடப்பாற நைனா."

நைனாவுக்கு வந்த சிரிப்பை நான் இன்றைக்கும் கேட்கிறேன். "எங்க ஊட்லயே ரெண்டு கீது" என்று மில்காரரிடம் சொன்னார். "ஓணும்னா ஒண்ணு எடுத்துக்கினு போ." கூட்டம் ஆரவாரித்தது, லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நகர்ந்தது, வெல்லம் வாங்க வந்ததை நான் அடியோடு மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்காவிடம், ஏன் அவ்வளவு நேரம் யோசித்தாய், என் உயிரே போய்விட்டது என்றேன். அந்த லாரி மத்தியானத்திலிருந்து வரிசையில் நிற்கிறது, அப்போதே ஜன்னலிலிருந்து பார்த்து வார்த்தையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றாள். நின்றது யோசிப்பதற்காக இல்லை. நைனாவை அவ்வளவு பேர் நடுவில் நிற்க வைப்பது திரும்பக் கிடைக்காத சந்தர்ப்பம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் மாதம் அக்கா ரயிலேறினாள். நாலு ஆண்டு கழித்து எனக்கும் அந்த வயது வந்தபோது, வீட்டில் யாரும் பேச்சையே எடுக்கவில்லை. அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்பிங் படித்து, கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியதும் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அந்த ஆபீசையே ஆட்டிவைத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றாள். நைனா கடைசிவரை எழுத்து பொறுக்குவதை விடவில்லை. லாரிகளில் மாநிலத்துக்கு இரண்டு எழுத்து என்று மாற்றியபோது, "ரெண்டு எழுத்த வெச்சிக்கினு இன்னா பண்றது" என்று அரசாங்கத்தையே கோபித்துக்கொண்டார்.

இன்றைக்கு அந்த மூன்று எழுத்துப் பலகைகள் இல்லை. வாசலில் லாரி வரிசை இல்லை, டீக்கடை இல்லை, நைனாவும் இல்லை. சாலை அகலமானபோது எங்கள் வீட்டையும் எடுத்துக்கொண்டார்கள். இடிக்கிற அன்று நாங்கள் இருவரும் போயிருந்தோம். நான் அழுதேன், மறைப்பதற்கில்லை. அக்கா நேராக வேலையாட்களிடம் போய்க் கடப்பாரையைக் கேட்டு வாங்கினாள். எழுபதை நெருங்கும் வயதில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் அதைக் கொடுத்து நெம்பினாள். உளுத்துப்போயிருந்த சட்டம் மரக்கம்பிகளோடு பெயர்ந்து மண்ணில் விழுந்தது.

கடப்பாரையைத் திரும்ப வாங்கிய ஆள் கேட்டான். "இன்னாம்மா, பொறந்த ஊட்டு மேல அவ்ளோ கோவமா?"

"ஊடு நல்ல ஊடுதாம்பா" என்றாள் அக்கா, கையைத் தட்டிக்கொண்டே. "இத்த மட்டும் நானே எடுக்கணும்னு இருந்தேன்."