எடுக்காமல் விட்ட இரண்டாவது பதில்

பெயிண்ட் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் எடையக்காதான். பதினோரு வருடம் எடை அறையில் பொடி மூட்டைகளோடு மல்லுக்கட்டியவள், முப்பத்தெட்டு வயதில் மாலை வகுப்புக்குப் போய்ப் புரோகிராம் எழுதக் கற்றாள். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று நாத்தனார் கேட்டாள். அதே தொழிற்சாலையின் கண்ணாடி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த முதல் நாள் நாத்தனாருக்கு அவளே போன் போட்டு, தன் நாற்காலி சுழலும் என்ற தகவலை மட்டும் தெரிவித்தாள்.

கலவை இயந்திரத்தை ஓட்டுவது ஒரு பெரிய புரோகிராம். அதில் ஒரே ஒரு எண்ணை மாற்றுவதென்றாலும் இயந்திரத்தை நிறுத்தி, முழுவதையும் புதிதாகத் தயார் செய்து ஏற்ற வேண்டும். அரை நாள் போய்விடும். பெயிண்ட் கலக்கும் கலவைக்காரரோ, தண்ணீர் வெயிலுக்கு ஒரு அளவு, ஈரக்காற்றுக்கு ஒரு அளவு என்று எண்ணை மாற்றச் சொல்லி தினமும் வந்து நிற்பார். குச்சியிலிருந்து வழியும் பெயிண்டைப் பார்த்தே தண்ணீர் போதுமா என்று சொல்லிவிடுகிற மனிதர். அவர் சொல்வதில் தப்பு இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அதனால் பெரிய புரோகிராமுக்குள்ளேயே, இயந்திரத்தை நிறுத்தாமல் மாற்றக்கூடிய குட்டி ஸ்கிரிப்ட் ஒன்றுக்கு இடம் ஒதுக்கினாள். கணக்கை அவரே அதில் ஒரு ஃபங்ஷனாக, அதாவது பெயர் வைத்த சில வரிகளாக, எழுதிக்கொள்ளலாம். பெரிய புரோகிராம் அதைப் பெயர் சொல்லி அழைத்து, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கொடுக்கும்; தண்ணீர் வால்வை எவ்வளவு திறக்க வேண்டும் என்ற பதிலை வாங்கிக்கொள்ளும். வினாடிக்கு நான்கு முறை இப்படி அழைக்கும். அவர் எங்காவது பிழையாக எழுதிவிட்டால், பழைய அளவிலேயே ஓடிக்கொண்டு மணி அடிக்கும். நான்கு வரி எழுதக் கற்றதும் கலவைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டு இடைவேளையிலும் எதையாவது திருத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு காலை புரோகிராம் அப்படியே படுத்துவிட்டது. தொட்டியில் இருந்த பெயிண்ட் கெட்டிதட்டிப்போனது. மறுபடி ஓடவிட்டார்கள், சில நாளில் மறுபடி நின்றது. மூன்றாம் முறை நின்றபோது மேலாளர் இருவரையும் அறைக்கு அழைத்தார். கலவைக்காரர் கடைசியாக ஸ்கிரிப்டில் கை வைத்த நாளிலிருந்துதான் இந்தத் தொல்லை என்று அவர் கணித்திருந்தார். இனி அதை யாரும் தொடக்கூடாது என்றார். 

எடையக்கா ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினாள். இயந்திரம் தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் வரிசையாக எழுதினாள். ஒவ்வொரு முறையும் மூன்று நாள் நிறைவதற்குச் சற்று முன்னால்தான் நின்றிருந்தது. அதுவரை எத்தனை முறை அழைத்திருக்கும் என்று பெருக்கினாள்: ஏறக்குறைய பத்து லட்சம். ஸ்கிரிப்ட் தரும் பதில்களைப் பெரிய புரோகிராம் எடுக்கும்வரை அடுக்கி வைக்கும் இடத்தின் உச்ச அளவும் அதுவே. அவளுக்குப் பொறிதட்டியது. அவருடைய ஃபங்ஷனைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தாள். அது இப்போது இரண்டு பதில் தந்தது. பின்னால் உதவும் என்று கலக்கும் வேகத்தையும் சேர்த்திருந்தார். எத்தனை பதில் வந்தாலும் வாங்கிக்கொள் என்று எழுதியிருந்தவள் அவள்; எடுத்ததோ ஒன்றைத்தான். ஒவ்வோர் அழைப்பிலும் மற்றது அங்கேயே தங்கி, இடம் நிரம்பியிருந்தது.

மேலாளர் அறைக்குத் திரும்பிப் போனாள்.

"அண்ணன் எழுதினது சரிதான் சார். தப்பு என்னோடது. வாங்கின பதில முழுசா எடுக்காம விட்டுட்டேன்."

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். "பழி அவரு மேல போயிருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதே."

"ஆனா இயந்திரம் திரும்பவும் நின்னிருக்கும் சார்."

திருத்தம் மூன்றே வரி. இரண்டாவது பதிலையும் வாங்கி, கலக்கும் மோட்டாருக்குக் கொடுத்தாள். அதற்கு மேல் வருவதை வாங்காதபடி செய்தாள். ஒவ்வோர் அழைப்புக்குப் பிறகும் அந்த இடம் காலியாகிறதா என்று சரிபார்க்க வைத்தாள். மூன்று நாள் தாண்டியது. பத்தாம் நாளும் ஓடியது. வேகமும் மாறியதில் பெயிண்டில் கட்டியே விழவில்லை.

போன வாரம் வேறொரு தொழிற்சாலையிலிருந்து நான்கு பொறியாளர்கள் பார்க்க வந்தார்கள். மேலாளர் அவர்களை நேரே கண்ணாடி அறைக்கு அழைத்துவந்தார். எழுதியது யார் என்று ஒருவர் கேட்டார்.

எடையக்கா எழுந்து நின்றாள். "அழைக்கிறது நான் எழுதினது. பதில் சொல்றது அண்ணன் எழுதினது," என்றாள்.

கதவோரம் நின்ற கலவைக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார்.