நின்றுகொண்டு சாப்பிட்டது

ஆசிரியை வேலைக்கான பட்டியலில் என் பெயர் வந்தபோது என் மகளுக்கு ஒன்றரை வயது. போர்ட் பிளேரில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லித்தர ஆள் போதவில்லை என்று புதிதாக இரண்டு இடங்கள் போட்டிருந்தார்கள். மதுரையில் படித்து வாங்கிய ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ், கல்யாணமாகிக் கப்பலேறிய நாளிலிருந்து டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அதை வெளியே எடுத்துப் பூஞ்சையைத் துடைத்து, விண்ணப்பத்துடன் கொடுத்தேன். நேர்முகமும் முடிந்துவிட்டது. மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். டாக்டர் என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். எடை மிஷினில் ஏறச் சொன்னார். எழுபத்திரண்டு கிலோ. ஐந்தடி உயரத்துக்கு அது அதிகம் என்று எனக்கே தெரியும்.

"பிரஷர் பீ ஜ்யாதா, வஜன் பீ ஜ்யாதா," என்றார் தலையை நிமிர்த்தாமல். பிரஷரும் கூட, எடையும் கூட. படிவத்தில் 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று எழுதினார். சோற்றைப் பாதியாக்கு, உப்பைக் குறை, நெய்யும் இனிப்பும் தொடாதே, ஐந்து கிலோவாவது இறங்கி இரண்டு மாதம் கழித்து வா என்றார். அப்போதும் சரியாக இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

என் கணவர் சாத்தம் மரமில்லில் குமாஸ்தா. எவ்வளவு சாப்பிட்டாலும் சட்டைக்குள் காற்றாடுகிற உடம்பு. "ரெண்டு மாசம் இருக்குல்ல, குறைச்சிரலாம்," என்றார், என்னவோ சட்டையின் கையைத் தைத்துக் குறைப்பது போல.

நான் சொன்னதைச் செய்கிறவள். மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். காலை இரண்டு இட்லி. மதியம் ஒரு கிண்ணம் சோறு, ஒரு கரண்டி மீன் குழம்பு, கொஞ்சம் பப்பாளிக்காய்ப் பொரியல். இரவு இரண்டு சப்பாத்தி. மூன்று வாரம் இப்படியே எழுதினேன். ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை. அதை இப்போதும் உறுதியாகச் சொல்வேன்.

எடை பார்க்க வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. நாங்கள் குடியிருந்த டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டில் இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் குடும்பம் ஒன்று இருந்தது. அந்தம்மாவை நான் அக்கா என்பதற்கு அவர்கள் சொல்கிறபடி லாத்தா என்றே கூப்பிடுவேன். அவர் கணவர் மளிகைக் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கடையைச் சாத்தும் நேரத்தில் லாத்தா பின்கதவைத் திறந்துவிடுவார். மூட்டை நிறுக்கிற இரும்புப் பலகைமேல் நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பேன். அவர் கம்பியில் குண்டைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்.

முதல் வெள்ளி எழுபத்திரண்டு. இரண்டாவது வெள்ளியும் எழுபத்திரண்டு. மூன்றாவது வெள்ளி எழுபத்திரண்டரை.

தராசு சரியா என்று கேட்டேன். கடல் காற்றில் துருப்பிடித்திருக்கலாமே.

"நல்லாக் கேட்டே புள்ள. போன வாரந்தான் முத்திரை குத்திட்டுப் போனாக. துருப் புடிச்சிருந்தா எங்க பருப்பு மூட்டைக்கும்ல கூடியிருக்கணும்," என்றார் லாத்தா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் அந்தக் கண்ணாடி வளையலக் கழட்டிட்டு ஏறு," என்றார்.

அழுகை வந்ததைவிட ஆச்சரியம்தான் அதிகமாக வந்தது. பயிற்சிப் பள்ளியில் நான் மாதிரிப் பாடமாக எடுத்ததே பொருள் ஒன்றுமில்லாததிலிருந்து தோன்றாது என்பதைத்தான். மூன்று வாரமாகப் பாதிச் சோறு. அப்படியானால் இந்த அரைக் கிலோ எந்த வழியாக வந்தது? தீவுத் தண்ணீரா, ஈரக் காற்றா, எனக்குத் தெரியாத ஏதாவது வியாதியா என்று மாறி மாறி யோசித்தேன். நோட்டை எடுத்து மறுபடி மறுபடி படித்தேன். கணக்கு சரியாக இருந்தது. விடை மட்டும் தப்பாக இருந்தது.

அந்தச் சமயம் மெயின்லேண்ட் கப்பல் தாமதமாகிக்கொண்டிருந்தது. எங்கள் இடத்துக்கு டெய்ரி ஃபார்ம் என்று பெயர்தானே தவிர, எங்கள் வரிசைக்குப் பால் பெரும்பாலும் டின்னில்தான் வந்தது. கெட்டியான டின் பால். நான் இங்கிலீஷ் படித்தவள் என்பதால் லேபிளை வாசித்து, கொழுப்பு நீக்கியது என்று போட்டிருந்ததைத் தேடி வாங்கினேன். டாக்டர் சர்க்கரை வேண்டாம் என்றதால் டீயில் சர்க்கரை போடுவதில்லை. அதற்குப் பதிலாக இந்தப் பாலை மூன்று ஸ்பூன் விட்டுக்கொண்டேன். கொழுப்புதான் இல்லையே.

ஒரு நாள் காலையில் லாத்தா பின்வாசல் வழியாக வந்தார். அடுப்படி மேடையில் எறும்பு சாரை சாரையாக அந்த டின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் டின்னைத் தண்ணீர்த் தட்டில் வைத்தபடி, இது உடம்புக்கு ஒன்றும் செய்யாத பால், எழுதியே போட்டிருக்கிறது என்று அவருக்கு லேபிளைக் காட்டினேன்.

லாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் லேபிளைப் பார்க்கவில்லை, எறும்பைப் பார்த்தார். "அதுகளும் எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டுத்தான் வருதுகளாக்கும்," என்றார்.

நான் சிரித்தேன். அவர் போன பிறகு அந்தப் பாலை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பாகு. கொழுப்பை எடுத்தவர்கள் சர்க்கரையை எடுக்கவில்லை. எடுத்திருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் நாலு டீ, ஒரு டீக்கு மூன்று ஸ்பூன். மகளுக்குக் கரைத்துக் கொடுத்த பிறகு ஸ்பூனை நக்குவது தனி. நோட்டில் இதையெல்லாம் தேடினேன். 'டீ' என்று மட்டும் இருந்தது. ஸ்பூனை நக்கியது எங்கேயும் இல்லை.

அப்போதுதான் சந்தேகம் வந்தது. நோட்டில் நான் எழுதியதெல்லாம் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டது. உட்காராமல் சாப்பிட்டது எவ்வளவு?

நினைவை நம்பக்கூடாது என்று பட்டது. மூன்று வாரமாக நினைவுதானே என்னை ஏமாற்றியது. மறுநாள் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவை அடுப்படி மேடையில் வைத்தேன். தட்டில் போடாமல் எதை வாயில் போட்டாலும் அதே அளவு இன்னொரு பங்கை டப்பாவில் போட வேண்டும். குடிப்பதை ஊற்றிவைக்க டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு. எதையும் புதிதாக நிறுத்தக் கூடாது, வழக்கம் போல நடந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் சோதனை கெட்டுவிடும்.

விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் டப்பாவின் அடி மறைந்தது. இட்லிக்குச் சட்னி அரைக்கத் தேங்காயைக் கீறும்போது ஒரு சில்லு என் வாய்க்குத் தானாகப் போவதை அன்றுதான் பார்த்தேன். சிப்பிகாட் கிராமத்திலிருந்து கணவரின் மில்லுக்கு வரும் ஒருவர் வாரம் ஒரு சாக்குத் தேங்காய் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். ஊரில் அரைமூடியை மூன்று நாள் வைத்திருந்த நான் இங்கே ஒரு குழம்புக்கு ஒரு முழுக் காய் அரைத்தேன். நோட்டில் அதற்குப் பெயர் 'ஒரு கரண்டி குழம்பு'. அந்தக் கரண்டியில் மீனைவிடத் தேங்காய்தான் அதிகம் இருந்தது.

பிறகு என் மகள். நெய்யும் பருப்பும் போட்டுப் பிசைந்த சோற்றில் அவள் நாலு வாய் வாங்குவாள், ஐந்தாவதைத் துப்புவாள். மீதியை நான் வழித்துப் போட்டுக்கொள்வேன். கப்பலில் வருகிற அரிசி, கொட்ட மனது வராது. அதற்குச் சாப்பாடு என்று பெயர் உண்டு என்றே எனக்குத் தோன்றியதில்லை, பாத்திரம் கழுவுவதில் ஒரு பகுதி என்றுதான் நினைத்திருந்தேன். அன்று காலையும் மதியமும் அவள் மிச்சம் வைத்ததற்கு ஈடாக நெய்ச்சோறு பிசைந்து டப்பாவில் வைத்தேன்.

சோறு வடித்ததும் பாதிச் சோற்றால் ஆறாத பசிக்கு வடிகஞ்சியில் உப்புப் போட்டு இரண்டு டம்ளர் குடிப்பேன். வெறும் தண்ணீர்தானே என்ற நினைப்பு. சொம்பில் ஊற்றிவைத்த அந்தத் தண்ணீர் சாயங்காலம் சேலைக்குக் கஞ்சி போடுகிற பதத்தில் ஆடை கட்டி நின்றது. உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரின் முகம் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் கணவர் வந்து டப்பாவைத் திறந்து பார்த்தார். நெய்ச்சோறு, தேங்காய்ச் சில்லு, இளநீர் வழுக்கை, எதிர்வீட்டில் கொடுத்த பிஸ்கட், வாழைப்பழத்தில் பாதி, டின் பால் பதினைந்து ஸ்பூனுக்குக் குறையாமல் ஒரு குட்டிக் கிண்ணத்தில்.

"யாருக்கு இது? யாராச்சும் வர்றாங்களா?"

"வந்துட்டுப் போயிட்டாங்க. நான்தான்," என்றேன்.

அன்று மதியம் நான் நோட்டில் எழுதிய அளவுச் சோற்றை ஒரு தட்டில் வைத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். தட்டு சின்னதாகத் தெரிந்தது. மூன்று வாரமாக நான் பட்டினி கிடந்த தட்டு அது.

எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் விநோதமாக இருக்கும். வியாதி இல்லை, தண்ணீர் இல்லை, காற்று இல்லை. விடை டப்பாவில் இருந்தது.

ஆனால் தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எதுவானாலும் உட்கார்ந்து, தட்டில் போட்டு, எழுதிவிட்டுச் சாப்பிட வேண்டும். ஒரு தேங்காய்ச் சில்லுக்காகத் தட்டு எடுத்துத் தரையில் உட்கார்ந்தால் எனக்கே சிரிப்பு வந்துவிடும், சில்லை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். மகளுக்கு முதலில் இரண்டு வாய் மட்டும் பிசைந்தேன், கேட்டால் இன்னும் இரண்டு. மிஞ்சினால் லாத்தாவின் கோழிகளுக்கு. இந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல் போய்விடுமோ என்று அதற்கும் ஒரு பயம். அவள் கன்னத்தைத் தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முட்டை பெருசாக வருகிறது என்று லாத்தா சொன்னார்.

பெரிய சங்கடம் எதிர்வீட்டு வங்காளி அக்காவால், நான் கூப்பிடுகிறபடி தீதியால், வந்தது. அவர் நல்லவர். நாலு மணிக்கு டீயும் பலகாரமும் நான் வாங்கிக்கொள்ளாமல் விடமாட்டார். வேலைக்காக உடம்பைக் குறைக்கிறேன் என்று சொல்லி, பிறகு வேலை கிடைக்காமல் போனால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்று தயங்கி, உபவாஸ் இருப்பதாகப் பொய் சொன்னேன். தீதி மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார். மறுநாள் குளித்து நெற்றியில் பெரிய பொட்டுடன் வந்தார். கையில் ஒரு தட்டு, அதில் வெல்லப்பாகில் உருட்டிய தேங்காய் உருண்டைகள் எட்டு. உபவாஸ் என்றால் அவர்கள் வழக்கத்தில் சோறுதான் விலக்கு, இது ஆகுமாம். எனக்காகவே பண்ணியதாம்.

எட்டையும் லாத்தா வீட்டுக்கு எடுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"பொய்தான் சொன்னே, எங்க மாரி நோன்புன்னு சொல்லியிருந்தா பகலுக்காச்சும் தப்பிச்சிருப்பே," என்று சொல்லி இரண்டை வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் பண்ணியிருக்கா."

மறுநாள் தீதியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய், பாலும் சர்க்கரையும் இல்லாத, அவர்கள் வழக்கமாகப் போடும் உப்பும் இல்லாத, எலுமிச்சை பிழிந்த டீ ஒன்று கொண்டுவந்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

அடுத்த வெள்ளி எழுபத்தொன்றரை. அதற்கடுத்து எழுபது. கடைசி வெள்ளி அறுபத்தெட்டரை. டாக்டர் கேட்டது அறுபத்தேழு. குறைத்ததில் ஒன்றரைக் கிலோ குறைவாக இருந்தது, அதாவது உடம்பில் ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருந்தது. மெடிக்கலுக்குப் போகிற நாள் காலை தண்ணீர்கூடக் குடிக்காமல் போகலாமா என்று யோசித்து, அது மோசடியாகிவிடுமோ என்று பயந்து, ஒரு டம்ளர் குடித்துவிட்டே போனேன்.

டாக்டர் எடை எழுதிக்கொண்டார். அறுபத்தெட்டரை. பட்டையைச் சுற்றினார், அழுத்தினார், அவிழ்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். "பிரஷர் டீக் ஹை," என்றார். பிரஷர் சரியாக இருக்கிறது. எடை இன்னும் குறைய வேண்டும், ஆனால் இறங்கிக்கொண்டிருக்கிறது, போதும் என்று படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்து, சாவலா, மீட்டாவா, சோறா இனிப்பா, எதை விட்டாய் என்று கேட்டார்.

டப்பாவை இந்தியில் சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. "கடே கடே கானா பந்த் கியா," என்றேன். நின்றுகொண்டே தின்பதை நிறுத்தினேன்.

அவர் மேசைமேல் திறந்திருந்த பிஸ்கட் பொட்டலத்தை மடித்து இழுப்பறைக்குள் போட்டார்.

வீட்டுக்கு வரும்போது மகள் லாத்தா வீட்டு வாசலில் தட்டுடன் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கடைசி வாயை இரண்டு கையாலும் அள்ளி, எப்போதும் செய்வது போல, "அம்மா, ஆ" என்று நீட்டினாள். படிவம் என் பையில் இருந்தது. லாத்தா நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பையைக் கீழே வைத்துவிட்டு, முதலில் உட்கார்ந்தேன். பிறகு வாயைத் திறந்தேன்.