கமாப் போட்டுக் கொடுத்த கடிதம்

லண்டன் நோர்பரியில் என்னைப்போல் இங்கிலீஷ் தெரிந்த தமிழன் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. இரண்டாயிரத்து மூன்று, நாலு இருக்கும். வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை, நானாகத்தான் நினைத்தேன். பெற்றோல் நிலையத்தில் நாள் முழுக்கக் கல்லாவில் நிற்பவனுக்கு வேறு என்ன பெருமை இருக்கிறது?

செவ்வாய்க்கிழமைகளில் மாலை இங்கிலீஷ் வகுப்புக்குப் போவேன். அங்கே படிப்பித்த வெள்ளைக்கார மனிசி ஒருநாள் கமாவைப் பற்றிச் சொன்னா. தொடர்புள்ள இரண்டு முழு வசனங்களை 'அண்ட்', 'பட்' என்று போட்டு இணைத்தால் அதற்கு முன்னால் ஒரு கமா வரவேண்டும். வெறும் கமாவை மட்டும் வைத்து இரண்டையும் ஒட்டக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். எனக்கு அன்றோடு பைத்தியம் பிடித்தது. கவுன்சில் அனுப்பும் கடிதத்தில்கூடப் பிழை தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சனம் என் வீட்டுக்குக் கடிதம் எழுத வரும். ஊரிலிருந்து அம்மாவையோ அப்பாவையோ கூப்பிடுவதற்கான விசாக் கடிதங்கள்தான் அதிகம். முதன்முதலில் ஒரு குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்தது சரிவந்துவிட்டது. அந்தக் கடிதத்தைக் கம்பியூட்டரில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். கமா எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும் கடிதம். பிறகு வந்தவர்களுக்குப் பெயரையும் திகதியையும் மாற்றி அதையே கொடுத்தேன்.

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு பெண் இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஏழு மாதக் கர்ப்பிணி. புருஷனுக்கு வெயார்ஹவுஸில் ஷிப்ட் வேலை. பிள்ளைப்பேற்றுக்கு அம்மாவைக் கூப்பிடவேண்டும் என்று தானே இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தாள்.

"அண்ணை, இதை ஒருக்காப் பாத்துத் தாறியளே?"

பார்த்தேன். கடிதம் இப்படிப் போனது: எனக்கு முதற்பிள்ளை, இங்கே எனக்கு ஒருவரும் இல்லை, அவர் வேலைக்குப் போனால் நான் தனிய, அம்மா வந்தால் பயம் போய்விடும், அம்மா கட்டாயம் திரும்பிப் போவா, அங்கே அப்பா கால் ஏலாமல் இருக்கிறார், ஏழு ஆடு நிற்குது, ஆட்டை அம்மாதான் பார்க்கவேணும். ஒரு பக்கம் முழுக்கக் கமா. கடைசியில் ஒரேயொரு முற்றுப்புள்ளி.

"பிள்ளை, இது கடிதமோ, கூட்ஸ் வண்டியோ?"

அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "எனக்கு இவ்வளவுதான் ஏலும் அண்ணை."

"விடு, நான் வடிவா எழுதித் தாறன். வெள்ளைக்காரனுக்கு ஆட்டுக்கதை என்னத்துக்கு?"

என் கடிதத்தில் அவளுடைய பெயரைப் போட்டு அச்செடுத்துக் கொடுத்தேன். அவள் எழுதிய தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

விசா கிடைக்கவில்லை. கொழும்பு விசா அலுவலகம் கொடுத்த மறுப்புக் கடிதத்தை அம்மா அனுப்பியிருந்தா. அதை அவள் என்னிடமே கொண்டுவந்தாள். அந்த அலுவலக இங்கிலீஷ் அவளுக்குப் பிடிபடவில்லை. நின்றபடியே வாசித்தேன். அழைப்புக் கடிதத்தின் வசனங்கள் வேறு இரண்டு பேருடைய கடிதங்களில் அப்படியே இருக்கின்றன, ஆகவே இது இவருடைய சொந்தச் சொல் என்று நம்பமுடியவில்லை. தாயார் திரும்பிப் போவதற்கான காரணம் எதுவும் காட்டப்படவில்லை.

ஏழு ஆடுகளும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"என்ன சொல்லியிருக்கிறாங்கள் அண்ணை?"

"வயசு போனாக்களுக்கு இப்ப குடுக்கிறாங்கள் இல்லைப் பிள்ளை. அவங்கட சட்டம் அப்பிடி."

வாய் கூசாமல் சொன்னேன். அவள் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு தலையாட்டினாள். "உங்களுக்குத்தான் வீண் கரைச்சல் தந்திட்டன்" என்றாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, எல்லாருக்கும் கொடுத்த அந்தக் கடிதத்தைக் கம்பியூட்டரிலிருந்து அழித்தேன். அழித்து என்ன பயன்? அவளிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். அதற்குத் துணிவில்லை.

பிள்ளைப்பேற்றுக் குத்து வந்த அன்று புருஷன் வேலையில் நின்றதால் என் மனைவிதான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனாள். "பாவம், அம்மா அம்மா எண்டு ஒரே அழுகை" என்று வந்து சொன்னாள். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தின் கதையை அவளுக்கும் மறைத்தேன்.

குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் அவள் மறுபடி வந்தாள். கையில் ஒரு கடிதம். அவளுடைய கையெழுத்துத்தான். அதே அப்பா, அதே கமாக்கள், ஆடு மட்டும் ஒன்பதாகியிருந்தது. என் கை பழக்கதோஷத்தில் பேனையை எடுத்தது.

"திருத்த வேண்டாம் அண்ணை" என்றாள் மெதுவாக. "போட்டோக்கொப்பி மட்டும் எடுத்துத் தாங்கோ. பிள்ளையைப் பாக்க வீட்டுக்கு வாற நேர்ஸிட்ட அவங்கள் அனுப்பின அந்தப் பழைய மறுப்புக் கடிதத்தைக் காட்டினனான். அவ வாசிச்சுச் சொன்னவ."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். மன்னித்துக்கொள் பிள்ளை என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். எத்தனை கொப்பி வேண்டும் என்று கேட்டேன்.

"ரெண்டு காணும் அண்ணை."

இந்தமுறை விசா கிடைத்தது. அம்மா வந்து மூன்றாம் நாள், மகளையும் பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தா. கையில் ஒரு ஓலைக் குட்டான் பனங்கட்டி.

"தம்பி, நீங்கள் எழுதின கடிதத்தாலதான் எனக்கு விசா கிடைச்சது எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டு வந்தனான்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் குனிந்து குழந்தையின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஓம் அம்மா" என்றாள். "இந்த அண்ணைதான்."

நான் இரண்டு கையாலும் பனங்கட்டியை வாங்கிக்கொண்டேன்.