போகச் சொல்லாத காலை

அணுபுரம் குடியிருப்பு வாசலில் பயிற்சி வகுப்பின் வேன் உறுமிக்கொண்டு நிற்கிறது. மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான வகுப்பு அது. என் தோழி கலாவின் மகள் மது, வேனைப் பார்த்தபடி ஏறாமல் நிற்கிறாள். எதையும் வலிந்து செய்யாதே என்னும் தாவோ நெறியை இனி மகளிடமும் கடைப்பிடிக்கப்போவதாகக் கலா நேற்றுதான் என்னிடம் சொன்னாள்.

பொத்தேரி விடுதியில் தங்கிப் படித்த நாட்களில் நாங்கள் இருவரும் அதைப் பழகினோம். நெரிசலான ரயிலில் முண்டியடித்து ஏறாமல், அது போகட்டும் என்று நடைமேடையில் கடலை கொறித்துக்கொண்டு சிரித்தபடி இருப்போம். அந்த மாலைகளை நினைத்தால் இப்போதும் மனம் இளகுகிறது. ஆனால் அன்று தவறியவை எங்கள் ரயில்கள் மட்டுமே. இன்று தவறுவது இந்தப் பெண்ணின் வருங்காலமாகவும் இருக்கலாம்.

"இன்னாக்கா, பாப்பா வருதா இல்லியா? மத்த புள்ளைங்கல்லாம் காத்துகினு கீதுங்க," என்று மகளருகே நிற்கும் கலாவிடம் கேட்கிறார் ஓட்டுநர்.

"அவளையே கேளுங்கண்ணா," என்கிறாள் கலா.

"அதையா? அப்ப வூட்ல நீ யாருக்கா?"

கலா உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். மது, தான் வரவில்லை என்று தலையசைக்கிறாள். வேன் கல்பாக்கம் சாலையில் திரும்பி மறைகிறது.

"நீ கத்தி ஏத்தி விட்ருவேன்னு நெனச்சேன்மா," என்கிறாள் மது.

"நானும்தான்," என்கிறாள் கலா.