சுருதி சேராத பாட்டு

இரண்டு பாட்டுகளின் சுருதி சேராது என்று ஒருவர் சொன்னால், அதற்கு அவருடைய தெருவை ஏன் விசாரிக்க வேண்டும்?

உத்தமபாளையத்தில் என் நண்பனின் கல்யாண வரவேற்புக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த டிஜே அவர். ஒல்லியான உடல், ஒரு காதில் மட்டும் ஹெட்போன். அடுத்த பாட்டைக் கலப்பதற்கு முன் அதன் சுருதியைத் தொண்டைக்குள் முனகிப் பார்த்துக்கொள்வார். டிரம் அண்ட் பேஸ் என்னும் அதிவேக மின்னிசையில் வேகம் பொருந்தினால் மட்டும் போதாது, சுருதியும் பொருந்தாவிட்டால் இரண்டு பாட்டின் பேஸ் என்ற அடிநாதங்களும் மோதிக் காது கூசும் என்று எனக்கு விளக்கினார்.

மாப்பிள்ளையான என் நண்பனின் சித்தப்பா மேடையேறி, தங்கள் சாதிப் பெருமைப் பாட்டை உடனே போடச் சொன்னார்.

“ரெண்டு பாட்டு தள்ளிப் போடுறேண்ணே. இப்பப் போட்டா இதோட சேராது.”

“சேராதாம்ல! ஏலே, ஒனக்குச் சொந்த ஊரு எது?”

“வருசநாட்டுப் பக்கம்ணே.”

“ஊருக்குள்ள எங்கன?”

அவர் ஹெட்போனைக் கழற்றினார். “காலனிண்ணே.”

“அதான பாத்தேன். நம்ம பாட்டு இவனுக்கு எப்படிச் சேரும்?”

கூட்டம் சிரித்தது. யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள். நானும் நண்பனும் தடுத்துப் பேசியது எடுபடவில்லை. கருவிகளை மூட்டை கட்டியபடி அவர் என்னிடம் சொன்னார்: “அந்தப் பாட்டையும் எடுத்துத்தான் வச்சிருந்தேண்ணே. ரெண்டு பாட்டுல அலுங்காம அந்தச் சுருதிக்குக் கொண்டுபோயிருப்பேன்.”

அவர் குரலில் கோபம் ஏன் இல்லை என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அதன்பின் அந்தக் குடும்பத்தார் விசேஷத்துக்கு டிஜேவை அமர்த்தும்போது முதலில் ஊரையும் தெருவையும் கேட்டார்கள். அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு நான் போவதில்லை.