நழுவவிடும் கொக்கி

நாகலாபுரத்துக் கண்மாய் வற்றி, ஆடுகளையும் விற்றபிறகு முத்துத்தாய் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தாள். பத்து வருஷம் தீப்பெட்டி ஒட்டிய விரல்கள் இப்போது சண்முகராஜின் ஷெட்டில், தூண்டில் கொக்கியில் கோழி இறகை நூலால் சுற்றி ஈ செய்தன. எங்கோ குளிர் நாட்டில், ஏரிக்கரை விடுதிக்காரர்கள் அதை வாங்குவார்களாம்; நிஜ ஈ என்று நம்பி டிரவுட் மீன் கவ்வுமாம்.

புதிதாக வந்த கொக்கிகளில், மீனை நழுவவிடாமல் பிடிக்கும் குட்டி முள்ளைக் காணோம். ‘இதில் எந்த மீன் நிற்கும்?’ என்று வைதுகொண்டே அத்தனையையும் கழிவுச் சாக்கில் கொட்டினாள். சாக்கு குப்பை வண்டியில் போய்விட்டது.

சண்முகராஜ் தலையில் அடித்துக்கொண்டார். “கூறுகெட்டவளே, அவிய கேட்டதே அதத்தான். மீனைப் பிடிச்சி, போட்டோ எடுத்துட்டு, நோகாம தண்ணியில விட்டுருவாவ.”

“திங்கிறதுக்கு இல்லியா?”

கண்மாயின் கடைசிச் சேற்றில் துடித்த கெளுத்தியைக் கையால் அள்ளிக் குழம்பு வைத்தவள் அவள்.

“நாளையிலருந்து நீ வர வேண்டாம்.”

மடியில் ஒட்டியிருந்த இறகுகளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“அந்த மீனை விட்டா நீந்திப் போக ஏரி கெடக்கு, அண்ணாச்சி. என்னைய விட்டா நான் எங்கன போவேன்?”